ஏசிஎஃப் வேகன் கம்பெனி 120 வருஷம் தாக்குப்பிடித்த கதை

அமெரிக்க சரக்கு ரயில்களில் ஏசிஎஃப் என்று எழுதிய வேகன்கள் இவ்வளவு ஓடுகின்றனவே, அது யாருடைய கம்பெனி, எப்படி ஆரம்பித்தது, இன்னும் வேகன் செய்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பூர் ஐசிஎஃப்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்கன் கார் அண்ட் ஃபவுண்டரி, 1899இல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டப்படி பதிவான தனியார் கம்பெனி, பதின்மூன்று வேகன் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது.

இந்தக் கம்பெனியின் வரலாறு முழுவதும் ஒரே ஒரு தொல்லையைச் சுற்றித்தான் ஓடுகிறது. சரக்கு வேகன் என்பது முப்பது நாற்பது வருஷம் உழைக்கிற பொருள். விளைச்சலும் வியாபாரமும் நன்றாக இருந்தால் எல்லா ரயில் கம்பெனிகளும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வேகன் கேட்பார்கள், கொஞ்சம் மந்தம் வந்தால் இருக்கிற பழைய வேகனையே இன்னும் நாலு வருஷம் ஓட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது வேகன் செய்கிறவன். ஏசிஎஃப் கூட்டுச் சேர்ந்தது, சுரங்க ரயில் பெட்டி செய்தது, பஸ் செய்தது, ராணுவ டாங்கி செய்தது, கடைசியில் வேகனை விற்காமல் வாடகைக்கு விட்டது, எல்லாமே இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கச் செய்தவைதான் என்று நான் நினைக்கிறேன்.

கதை டெட்ராய்ட்டில் தொடங்குகிறது. மோட்டார் கார் நகரம் ஆவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அது வேகன் நகரம். மிச்சிகன் காடுகளில் மரம், சுபீரியர் ஏரிப் பக்கம் இரும்புத் தாது, இரண்டையும் கொண்டுவர நீர்வழி, அப்புறம் உள்நாட்டுப் போரால் வந்த கிராக்கி. 1864இல் ஜேம்ஸ் மெக்மில்லனும் ஜான் நியூபெரியும் மிச்சிகன் கார் கம்பெனியைத் தொடங்கினார்கள். அன்றைய வேகன் கிட்டத்தட்ட முழுக்கத் தச்சு வேலைதான். அடியில் நீளமான கனத்த மரச் சட்டங்கள், பாரம் ஏறும்போது அவை நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகள், அந்தக் கம்பியை முறுக்கி இறுக்க நடுவில் ஒரு திருகு. சக்கரங்களை மட்டும் வார்ப்பிரும்பில் வார்த்தார்கள். தண்டவாளத்தில் உருளும் விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படுவதற்காக மணல் அச்சுக்குள் ஓர் இரும்பு வளையத்தை வைத்து ஊற்றுவார்கள், விளிம்பு கண்ணாடி போலக் கடினமாகிவிடும், உட்புறம் சாதாரண வார்ப்பாகவே நிற்கும். பெரிய வேகன் பட்டறைகள் பலவற்றில் மர அறுவையும் வார்ப்பாலையும் ஒரே வளாகத்தில் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஹென்றி ஃபோர்டு 1879இல் பண்ணையை விட்டு டெட்ராய்ட்டுக்கு வந்ததும் முதலில் சேர்ந்தது இந்த மிச்சிகன் கார் கம்பெனியில்தான். ஆறே நாளில் அந்த வேலை போய்விட்டது. அனுபவசாலிகள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு பழுதை அவர் சீக்கிரமே சரிசெய்தது மேலாட்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள்.

குளிர்பதன வேகனின் ஆரம்பமும் டெட்ராய்ட்டைச் சுற்றித்தான் நடந்தது. 1868இல் வில்லியம் டேவிஸ் ஐஸும் உப்பும் வைத்து, இறைச்சியை மேலே கம்பியில் தொங்கவிடும் ஒரு வேகனை வடிவமைத்தார், ஜார்ஜ் ஹாமண்ட் என்ற இறைச்சி வியாபாரி அதை வாங்கினார். தொங்குகிற மாட்டு உடல்கள் வளைவுகளில் ஒரே பக்கமாகச் சாய்ந்ததில் சில வேகன்கள் தடம் புரண்டுவிட்டன, அதனால் அந்த வடிவத்தையே கைவிட்டார்கள். அதன்பின் ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளர் ஐஸை மேலே வைத்து, குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும்படி செய்தார். அந்த வேகன்களை 1880இல் சிகாகோ இறைச்சி வியாபாரி குஸ்டாவஸ் ஸ்விஃப்டுக்குச் செய்து கொடுத்தது டெட்ராய்ட்டின் இன்னொரு கம்பெனியான பெனின்சுலர். சிகாகோவில் வெட்டிய இறைச்சி கெடாமல் நியூயார்க் போய்ச் சேர்ந்ததில் இந்தப் பட்டறைக்கும் பங்கு உண்டு.

பெனின்சுலரை நடத்தியவர்கள் ஃப்ராங்க் ஹெக்கரும் சார்லஸ் லாங் ஃப்ரீயரும். ஃப்ரீயர் கடையில் எழுத்தராக இருந்து, ரயில்வேயில் சம்பளப் பட்டுவாடா பார்த்து, ஹெக்கரோடு டெட்ராய்ட்டுக்கு வந்தவர். 1892இல் மிச்சிகனும் பெனின்சுலரும் இணைந்து மிச்சிகன்-பெனின்சுலர் ஆகி, நாட்டின் மிகப் பெரிய வேகன் கம்பெனிகளில் ஒன்றாக நின்றன. அடுத்த வருஷமே 1893 பொருளாதார நெருக்கடி. ரீடிங், ஈரி, நார்தர்ன் பசிபிக், யூனியன் பசிபிக், சாண்டா ஃபே என்று பெரிய பெரிய ரயில் கம்பெனிகள் ஒரே வருஷத்தில் வரிசையாகத் திவாலாயின. வாடிக்கையாளரே திவாலானால் வேகனுக்கு யார் ஆர்டர் கொடுப்பார்? அந்த வருஷங்களில் பட்ட அடிதான் எல்லாரையும் கூட்டுச் சேர வைத்தது.

1899 பிப்ரவரியில் அந்தக் கூட்டு நடந்தது. ஃப்ரீயர் இதில் முக்கியமாகப் பேச்சு நடத்தியவர்களில் ஒருவர். மிச்சிகன்-பெனின்சுலர், செயின்ட் லூயிஸ் பக்கம் மிசௌரி கார் அண்ட் ஃபவுண்டரி, பென்சில்வேனியாவில் பெர்விக் ஊரின் ஜாக்சன் அண்ட் வுடின், அதே மாநிலத்தில் மில்டன் ஊரின் மர்ரி டூகல், மேற்கு வர்ஜீனியாவில் ஹண்டிங்டன் ஊரின் என்சைன், இந்தியானாவில் ஓஹையோ ஃபால்ஸ், சிகாகோவில் வெல்ஸ் அண்ட் ஃப்ரெஞ்ச் என்று பட்டியல் நீளும். மிசௌரி கம்பெனியின் வில்லியம் பிக்ஸ்பி தலைமைக்கு வந்தார். ஒரு பிராந்தியத்தில் ஆர்டர் குறைந்தாலும் இன்னொரு பிராந்தியத்தில் கிடைக்கும், மரம், இரும்பு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கலாம், ஒருவருக்கொருவர் விலையைக் குறைத்துச் சாகவேண்டாம் என்பதுதான் கணக்கு.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மெக்மில்லன் 1889இல் செனட்டராகி, வாஷிங்டன் நகர நிர்வாகத்தைப் பார்க்கும் குழுவுக்குத் தலைவரானார். நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே இன்று காணும் நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளி அவர் பெயரால் 1902இல் வந்த மெக்மில்லன் திட்டத்தின் விளைவு. அப்போது அந்த இடத்தில் ஒரு ரயில் நிலையமும் குறுக்கே தண்டவாளமும் இருந்தன. வேகன் விற்றுப் பணக்காரரானவர் போட்ட திட்டம்தான் அந்தத் தண்டவாளத்தை அங்கிருந்து அகற்றியது, அதற்குப் பதிலாக யூனியன் ஸ்டேஷன் எழுந்தது. ஃப்ரீயரோ கூட்டு அமைந்த கையோடு, நாற்பத்தைந்து வயதிலேயே தொழிலை விட்டுவிட்டார். ஏற்கெனவே 1894-95இல் இலங்கை, இந்தியா வழியாக ஜப்பான் வரை பயணம் போனவர், ஆசியக் கலைப்பொருள்களைச் சேர்ப்பதே முழுநேர வேலையாயிற்று. அவர் அரசுக்குக் கொடுத்த தொகுப்புக்காக அதே மாலில் 1923இல் திறந்ததுதான் ஃப்ரீயர் கேலரி. அவர் இறந்தது 1919இல். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளைப் பணத்தில் அந்த மியூசியம் 1929இல் வாங்கியது, செம்பியன் மாதேவியின் சாயலில் வார்த்தது என்று பலர் கருதும் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வெண்கலப் பார்வதி. சோழர் வெண்கலம் பற்றிய புத்தகங்களில் அந்தப் படத்தை அநேகமாக நீங்களே பார்த்திருப்பீர்கள். தோள் சரிந்து, இடை ஒடுங்கி, ஒரு கை தொங்க நிற்கும் அந்த அம்மன் வாஷிங்டனில் இருப்பதற்குப் பின்னால் டெட்ராய்ட் வேகன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவள் இங்கேயே இருந்திருக்கவேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது தனியாகப் பேசவேண்டிய விஷயம்.

சரி, கம்பெனிக்கு வருவோம். கூட்டுச் சேர்ந்த பதின்மூன்றும் பெரும்பாலும் மரவேலைப் பட்டறைகள், ஆனால் காலம் அப்போதுதான் எஃகுக்கு மாறிக்கொண்டிருந்தது. பிட்ஸ்பர்க்கில் சார்லஸ் ஷோன் 1897இலேயே எஃகு முதலாளி கார்னெகியின் ரயில்பாதைக்கு எஃகுத் தகடை அழுத்தி வடித்த ஹாப்பர் வேகன்களை, அதாவது அடியில் திறந்து சரக்கை இறக்கும் வேகன்களை, கொடுத்துவிட்டார், அவருடைய பிரஸ்டு ஸ்டீல் கார் கம்பெனியும் ஏசிஎஃப் பிறந்த அதே 1899இல் பதிவானது. நிலக்கரியும் தாதுவும் ஏற்றும் பாதைகளுக்கு மர வேகன் போதவில்லை, முப்பது டன் ஏற்றிய இடத்தில் ஐம்பது டன் கேட்டார்கள். ஏசிஎஃப் பின்தங்கித்தான் ஆரம்பித்தது. ஆனால் பெர்விக் ஆலையில் பணத்தைக் கொட்டி எஃகு வேலைக்கு மாற்றினார்கள். 1840இல் கலப்பை வார்க்கும் சின்னப் பட்டறையாக இருந்த இடம் அது.

அந்தப் பெர்விக்கில்தான் 1904இல் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு முழு எஃகுப் பயணிகள் பெட்டிகள் தயாராயின. சுரங்கத்துக்குள் மரப் பெட்டி தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 1903 ஆகஸ்ட்டில் பாரிஸ் மெட்ரோ தீவிபத்து காட்டியது, 84 பேர் இறந்தார்கள். நியூயார்க்கின் பொறியாளர் ஜார்ஜ் கிப்ஸ் எஃகுதான் வேண்டும் என்று நின்றார். முதலில் எந்தப் பெட்டிக் கம்பெனியும் முன்வராததால் மாதிரிப் பெட்டியை பென்சில்வேனியா ரயில்வேயின் சொந்தப் பட்டறையில் செய்து காட்டவேண்டியிருந்தது. அதன்பிறகு 300 பெட்டிகளுக்கான ஆர்டர் ஏசிஎஃப்புக்கு வந்தது. லண்டன் பேக்கர்லூ சுரங்க ரயில் பாதைக்கும் பெட்டிகளைச் செய்து அனுப்பி, மான்செஸ்டரில் பூட்டிக் கொடுத்தார்கள். சரக்கு வேகன் ஆர்டர் படுத்துப்போகும் வருஷங்களில் இந்தப் பயணிகள் பெட்டி வேலை ஆலையை ஓட வைத்தது.

1920களில் லாரியும் பஸ்ஸும் வந்ததைப் பார்த்து, 1925-26 வாக்கில் ஃபேஜியால் பஸ் கம்பெனியையும், டிராம் செய்த பிரில் கம்பெனியையும், ஹால்-ஸ்காட் இன்ஜின் கம்பெனியையும் வளைத்துப்போட்டார்கள். யோசனை சரி, நேரம் தப்பு. கொஞ்ச நாளிலேயே பெருமந்தம் வந்துவிட்டது. பஸ் தொழில் 1950களின் நடுவில் முடிந்துபோனது. ஸ்பெயினின் டால்கோ என்ற எடை குறைந்த ரயிலுக்கு 1949 வாக்கில் அமெரிக்காவில் பெட்டி செய்து கொடுத்ததும் இவர்கள்தான், தொழில்நுட்பமாக அது அருமையான வேலை, அமெரிக்காவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மந்தத்திலிருந்து ஏசிஎஃப்பைத் தூக்கிவிட்டது போர். 1939 அக்டோபரில் அமெரிக்க ராணுவம் 329 இலகு ரக டாங்கிகளுக்கு பெர்விக் ஆலையோடு ஒப்பந்தம் போட்டது. கனத்த தகடை வளைப்பது, தறையாணி அடித்து இணைப்பது, தண்டவாளத்தில் நிறுத்தி வரிசையாகப் பூட்டுவது எல்லாம் வேகன்காரர்களுக்கு அத்துப்படி. அடுத்து வந்த எம்3 ஸ்டூவர்ட் டாங்கியை ஆங்கிலேயப் படை 1941இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓட்டியது. போர் முடிவதற்குள் பெர்விக்கிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட டாங்கிகள் வெளியேறியிருந்தன. ஸ்டூவர்ட் குடும்ப டாங்கிகளைத்தான் 1948 நவம்பரில் நம் ராணுவம் ஜோஜி லா கணவாய்க்கு ஏற்றியது, அதற்குப் பாதையை அகலப்படுத்தியவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்கள். அங்கே போன டாங்கிகள் வேறு ஆலையின் பிந்தைய மாடல் என்றுதான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள், ஆகவே அதை பெர்விக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

போர் முடிந்ததும் பழைய தொல்லை திரும்பி வந்தது. இந்த முறை பதில் ஏசிஎஃப்பின் கையிலேயே இருந்தது, அதுதான் வாடகை வேகன். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அமெரிக்க ரயில் கம்பெனிகள் பொது உபயோக வேகன்களைத் தாங்களே வைத்திருக்கும், ஆனால் டேங்கர் வேகனை வாங்க அவற்றுக்கு விருப்பம் கிடையாது. கந்தக அமிலம் ஏற்றிய டேங்கரில் நாளைக்குச் சமையல் எண்ணெய் ஏற்றமுடியாது, திரும்பும்போது காலியாகத்தான் வரவேண்டும். அதனால் எண்ணெய், ரசாயனக் கம்பெனிகளே டேங்கரைத் தேடிக்கொள்ளவேண்டிய நிலை. அவர்களுக்கும் வேகனை வாங்கிப் பராமரிப்பது தலைவலி, மாத வாடகை என்றால் சுலபம். ஏசிஎஃப் தன்னுடைய ஷிப்பர்ஸ் கார் லைன் என்ற கிளை வழியாக இதைச் செய்தது. வேகன் பக்கவாட்டில் ஏசிஎஃப்எக்ஸ், எஸ்எச்பிஎக்ஸ் என்று நாலெழுத்துக் குறியீடு இருந்தால் அன்றைக்கு இவர்களுடைய வாடகை வேகன் என்று அர்த்தம். கடைசியில் எக்ஸ் வந்தால் வேகன் ரயில் கம்பெனியின் சொத்து அல்ல, தனியார் சொத்து. ரயில் கம்பெனி புது ஆர்டரை நிறுத்தினாலும் வாடகை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும், ஆலை சும்மா இருக்கும்போது தன் வாடகைக் கிளைக்கே வேகன் செய்து வைக்கலாம். பதின்மூன்று கம்பெனிகளைச் சேர்த்ததைவிட இந்த ஒரு முடிவுதான் ஏசிஎஃப்பை அதிகம் காப்பாற்றியது என்பது என் தீர்மானமான கருத்து.

1954இல் பெயரை ஏசிஎஃப் இண்டஸ்ட்ரீஸ் என்று மாற்றினார்கள். பயணிகள் பெட்டி வேலை தேய்ந்துகொண்டே போனது, நியூயார்க் சுரங்க ரயிலுக்கு ஆர்28 என்ற பெட்டிகளை 1960-61இல் செய்ததோடு பெர்விக்கில் அந்த வேலை நின்றது. ஆலையும் மூடப்பட்டது. ஓர் ஊரே அந்த ஆலையை நம்பி வாழ்ந்தது, டாங்கிக் காலத்தில் இரவு பகலாக வேலை நடந்த இடம்.

அதே சமயத்தில்தான் ஏசிஎஃப் தன் மிகச் சிறந்த வேகனைக் கொண்டுவந்தது, சென்டர் ஃப்ளோ. அதுவரை அமெரிக்காவில் தானியம் பெரும்பாலும் சாதாரண மூடிய வேகனில்தான் போனது. கதவுப் பக்கம் பலகை அடித்து அடைத்து, மேலே வரை கொட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் பலகையைப் பெயர்த்து ஆட்கள் மண்வாரியால் தள்ளி இறக்கவேண்டும். இடுக்கில் ஒழுகி வழியெல்லாம் கோதுமை சிந்தும். மூடிய ஹாப்பர் வேகன்கள் முன்பே இருந்தன, ஆனால் அவற்றின் அடியில் நடுவே முழு நீளத்துக்கும் ஒரு தடித்த முதுகெலும்பு உத்திரம் ஓடும், இறங்கும் சரக்கு அதில் மோதி இரண்டாகப் பிரிந்து மூலைகளில் தங்கிவிடும். ஏசிஎஃப் பொறியாளர்கள் 1960களின் தொடக்கத்தில் அந்த உத்திரத்தை நடுவிலிருந்து எடுத்தே விட்டார்கள். அப்படியானால் இழுவிசையை யார் தாங்குவது? வேகனின் உடலே. பக்கத் தகடுகளைத் தட்டையாக வைத்து வெளியே விலா எலும்பு மாதிரிப் பட்டைகள் அடிப்பதற்குப் பதிலாக, முழு உடலையும் வயிறு போல உருட்டினார்கள். உருண்ட தகடு தானாகவே விறைப்பாக நிற்கும், உள்ளே மூலையே இல்லை, கீழ்வாயைத் திறந்தால் சரக்கு நேராக நடுவில் இறங்கிவிடும்.

இதில் பெரிதும் லாபம் அடைந்தது பிளாஸ்டிக் தொழில். பிளாஸ்டிக் குருணை ஏற்றும் வேகனில் முந்தைய சரக்கின் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தாலும் அடுத்த சரக்கு முழுவதும் கெட்டுப்போகும், வழவழப்பான உருண்டை உடம்பைக் கழுவிச் சுத்தம் செய்வது எளிது. பிளாஸ்டிக் கம்பெனிகள் வேகனை வாடகைக்கே விரும்பியதால் டேங்கரில் பழகிய வாடகைத் தொழில் இங்கேயும் அப்படியே பொருந்தியது. புல்மன்-ஸ்டாண்டர்ட் என்ற போட்டிக் கம்பெனியின் தட்டைப் பக்கத் தானிய ஹாப்பர்கள் ரயில் கம்பெனிகளிடம் நன்றாக விற்றன, போட்டி கடுமையாகவே இருந்தது. இருந்தாலும் அமெரிக்க சரக்கு ரயிலில் சாம்பல் நிற உருண்டை வயிற்று ஹாப்பர் என்றாலே இன்றும் ஞாபகம் வருவது சென்டர் ஃப்ளோதான்.

1984இல் கார்ல் ஐக்கான் ஏசிஎஃப்பை வாங்கினார். கம்பெனிகளை வளைத்துப் பிடிப்பதில் பேர்பெற்றவர். நியூயார்க்கில் பல மாடிகளில் இருந்த தலைமை அலுவலகத்தில் இத்தனை பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்று எவ்வளவு விசாரித்தும் தனக்குப் புரியவில்லை, மூடினேன், ஆலைகளில் ஒரு பாதிப்பும் தெரியவில்லை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த வேலைகளை இழந்தவர்கள் இதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு. அவர் வாங்கியதற்குக் காரணம் ஆலை அல்ல, வாடகை வேகன்கள் என்றே நான் படிக்கிறேன். அந்த வருஷங்களில் வேகன் ஆர்டர் பாதாளத்தில் கிடந்தது, புல்மன்-ஸ்டாண்டர்டின் சரக்கு வேகன் தொழிலே அதே 1984இல் ட்ரினிட்டி என்ற இன்னொரு வேகன் கம்பெனியிடம் போய்விட்டது. வாடகை வருமானம் இருந்ததால்தான் ஏசிஎஃப் நின்றது.

பிறகு 1994இல் அமெரிக்கன் ரெயில்கார் இண்டஸ்ட்ரீஸ் என்று தனிக் கம்பெனி உண்டாக்கி, ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் பாரகுல்ட், மார்மடூக் என்ற ஊர்களில் புது ஆலைகள் போட்டார்கள், முதலாவதில் ஹாப்பர், இரண்டாவதில் டேங்கர். 2006இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது, 2018 டிசம்பரில் ஐடிஇ என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2019 கோடையில் வேகன் செய்யும் பகுதியை மட்டும் ஒரெகனைச் சேர்ந்த கிரீன்பிரையர் வாங்கிக்கொண்டது. வாடகைப் பகுதி அதற்கு முன்பே, 2017இல், ஜப்பானின் சுமிட்டோமோ மிட்சுயி குழுமத்தைச் சேர்ந்த கம்பெனியிடம் போய்விட்டது.

ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: 1899இல் தொடங்கிய அந்தத் தொழில் மரபில் இன்று வேகன் செய்வது கிரீன்பிரையரின் ஆர்க்கன்சாஸ் ஆலைகள், ஏசிஎஃப் பெயரில் அல்ல. நீங்கள் பார்க்கும் ஏசிஎஃப் எழுத்துகள் பழைய வேகன்களுடையவை. அமெரிக்க விதிப்படி 1974 ஜூலைக்குப் பிறகு கட்டிய வேகன் ஐம்பது வருஷம் வரைதான் ஒரு கம்பெனிப் பாதையிலிருந்து இன்னொரு கம்பெனிப் பாதைக்குத் தடையில்லாமல் போய்வரலாம், அதற்கு முந்தியதென்றால் நாற்பது வருஷம். எழுபதுகளின் சென்டர் ஃப்ளோக்கள் இப்போது வருஷா வருஷம் உடைப்புக்குப் போகின்றன. கட்டிய மாதமும் வருஷமும் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும், படம் எடுப்பதாக இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.